பாதி திறந்த கேட்

அந்தக் கேட்டைச் செய்தவன் நான்தான். ரேணிகுண்டாவில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறேன். மழைக்காலத்தில் வேலை குறைந்திருந்த ஒரு வாரத்தில், என் அக்காவுக்காக இரண்டு கதவு வைத்த கேட் ஒன்றைச் செய்து, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் மாட்டினேன். அக்கா வீடு பங்காருபாளையத்துக்குப் பக்கத்தில், சாலை ஓரமாக இருக்கிறது. அப்போது மாமா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அக்கா தனியாக இருந்தாள்.

எதற்குக் கேட் என்று நான் கேட்கவில்லை. அக்கா கேட்டாள், செய்தேன். எனக்கு யாரிடமும் அதிகம் பேச வராது. பட்டறையிலும் அப்படித்தான். அளவு சொன்னால் போதும், முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

அக்கா வீட்டுக்குப் பின்னால் அவள் பங்கு மாந்தோப்பு. அதற்கும் பின்னால் மாமாவின் தம்பியுடைய தோப்பு, அவர் வீடும் அங்கேயே. அவரை நான் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். நடந்து வருவதென்றால் கால்வாய்க் கரை மேல் சுற்றி வரலாம். வண்டி போக வேண்டும் என்றால் அக்கா வாசலைத் தாண்டி, வீட்டை ஒட்டிய வழியில்தான் போக வேண்டும். நான் மாட்டிய கேட் அந்த வழியின் வாயில் நின்றது. அக்கா அதைப் பூட்டினாள்.

தோத்தாபுரி மாங்காய் இறக்குகிற சமயம் சின்ன மாமாவின் டிராக்டர் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை சித்தூர் கோர்ட்டில் போய் முடிந்தது. முடிந்தது என்றா சொன்னேன்? அங்கே போய்த்தான் ஆரம்பித்தது.

முதலில் ஒரு இடைக்கால உத்தரவு வந்தது. இங்கிலீஷில் இரண்டு வரி. அதில் எங்களுக்குத் தெரிந்தது ‘ஸ்டேடஸ் கோ’ என்ற வார்த்தை மட்டும்தான். அக்காவின் வக்கீல், “உனக்குச் சாதகம்தாம்மா, இருக்கிறது இருக்கிறபடி இருக்கணும்னு சொல்லிட்டாங்க. கேட் இருக்குதில்ல? அது இருக்கும்” என்றார். அக்கா அன்று மாலையே கேட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தாள். சின்ன மாமாவின் வக்கீலும் அவரிடம் அதையேதான் சொல்லியிருக்கிறார். “உனக்குச் சாதகம். இருக்கிறது இருக்கிறபடி. வழி இருக்குதில்ல? அது இருக்கும்.” அவர் திருப்பதியில் இருந்து லட்டு வாங்கிவந்து ஊருக்குக் கொடுத்தார். ஒரே உத்தரவுக்கு இரண்டு வீட்டில் கொண்டாட்டம். எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு பக்கமும் வாங்கித் தின்றார்கள்.

மறுநாள் டிராக்டர் வந்தது. அக்கா கேட்டைச் சாத்தினாள், சின்ன மாமா தள்ளினார், யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். வந்த ஹெட் கான்ஸ்டபிள் வயதானவர், நல்ல மனுஷர். இரண்டு பேரும் அவர் முகத்துக்கு நேராக அதே காகிதத்தின் நகலை நீட்டினார்கள். அவர் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை.

“உன்னது உன்னட்டு அண்டே இதே” என்று தெலுங்கில் சொன்னார். இருக்கிறது இருக்கிறபடி என்றால் இதுதான் என்று அர்த்தம். அவர் கையை நீட்டிக் காட்டிய அந்த நேரத்தில் கேட்டின் ஒரு கதவு சாத்தியிருந்தது, இன்னொன்று திறந்திருந்தது. “இப்ப எப்படி கீதோ அப்படியே இருக்கட்டும். ஜட்ஜி வந்து சொல்ற வரைக்கும் எவனும் கை வைக்காதீங்க” என்று சொல்லி, எங்கிருந்தோ ஒரு கட்டுக்கம்பி வரவழைத்து, சாத்தியிருந்த கதவைச் சாத்தியபடியும் திறந்திருந்த கதவைத் திறந்தபடியும் கட்டிவிட்டுப் போனார்.

அப்படியே நின்றது அந்தக் கேட், வருஷக்கணக்கில். ஆள் போகலாம், மாடு போகலாம், சைக்கிள் போகலாம். டிராக்டர் போக முடியாது. சின்ன மாமா தோப்புக் காயெல்லாம் கூடையில் ஏறி, தலைச்சுமையாக ரோட்டுக்கு வந்தது. அக்காவுக்கோ ராத்திரியில் பூட்ட முடியாத ஒரு கேட். தெருநாய்கள் வந்து வாசலில் படுத்துக்கொண்டன. இரண்டு பேருமே ஜெயித்தவர்கள், இரண்டு பேருக்குமே ஒன்றும் இல்லை. கட்டுக்கம்பியை அவிழ்த்தால் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் பயந்தார்கள்.

பட்டறையில் ஒரு கேட் செய்து கொடுத்தால், தாழ்ப்பாள் எந்தப் பக்கம், எப்படித் திறக்கும் என்று வாங்குகிறவருக்கு ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் அனுப்புவோம். அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம், பாதி திறந்து துருப்பிடித்து நிற்கும் அந்தக் கேட்டைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நான் செய்த வேலை. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

வாய்தாவுக்கு அக்காவுடன் நானும் போவேன். ரேணிகுண்டாவில் முதல் பஸ் பிடித்து, திருப்பதியில் மாறி, சித்தூர் போய் இறங்குவேன். அக்கா அந்தப் பக்கத்தில் இருந்து வந்து கோர்ட் வாசலில் நிற்பாள். நான் கடைசியில், சுவரை ஒட்டி நிற்பேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று வெளியே வந்து யாரிடமாவது கேட்கலாம். எனக்குக் கூச்சம். அக்கா வக்கீலிடம் கேட்பாள், அவர் அடுத்த கேஸுக்கு ஓடிக்கொண்டே, “நம்ம பக்கம் நல்லா போய்க்கினு கீதும்மா” என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. எப்போதும் கை நிறைய கேஸ் கட்டு வைத்திருந்தார்.

அப்புறம் ஒரு நீதிபதி மாறுதலாகி வந்தார். பெண். சாட்சி விசாரணை அவரிடம் நடந்தது. அக்கா கூண்டில் ஏறியதும், சின்ன மாமாவின் வக்கீல் குறுக்கு விசாரணையில், வழியை உனக்கே எடுத்துக்கொள்ளத்தானே கேட் போட்டாய் என்று தெலுங்கில் கேட்டார். அக்கா இல்லை என்றாள். பின்னே எதற்கு என்றார். அக்கா முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, “செப்பண்டி அம்மா” என்றார். சொல்லுங்கள் அம்மா என்று.

அப்போதுதான் அக்கா சொன்னாள். நானும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அவள் குளிக்கிற இடம் அந்த வழியை ஒட்டி, ஓலைத் தட்டி கட்டி மறைத்தது. நடந்து போகிறவனுக்குத் தெரியாது. ஆனால் காய் ஏற்றிய டிராக்டரில், லோடுக்கு மேல் உட்கார்ந்து போகிறவனுக்குத் தட்டிக்கு மேலே எல்லாம் தெரியும். காய் இறக்கும் மாதத்தில் எங்கெங்கிருந்தோ கூலிக்கு வருவார்கள். ஒரு நாள் மேலே இருந்து சிரிப்பும் விசிலும் கேட்டது. மாமா இருந்தவரை டிராக்டர் சத்தம் கேட்டால் வழியில் வந்து நிற்பார். இப்போது நிற்க ஆள் இல்லை.

இதை அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முதலில் தன் வக்கீலிடமும் சொல்லியிருக்கிறாள். அதெல்லாம் சட்டத்துக்கு உதவாதும்மா, விடு என்று அவர் எழுதாமல் விட்டிருக்கிறார். அன்று வெளியே வந்ததும் அக்கா என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“நான் சொன்னத அந்தம்மா எழுதினாங்களாடா?”

“எழுதிக்கினுதான் இருந்தாங்க.”

“இங்கிலீசுலயா?”

“தெரியலக்கா.”

“வழி போனா போவட்டும். என்னைத் திருடின்னு எழுதாம இருந்தா போதும்” என்றாள்.

அதற்கப்புறம் எனக்கும் அந்த ஒரு கவலைதான். தீர்ப்பு எந்தப் பக்கம் என்பதைவிட, அவள் அத்தனை பேருக்கு முன்னால் சொன்னது ஒரு இடத்திலாவது பதிந்ததா என்று.

தீர்ப்பு நாளில் நீதிபதி கடைசிப் பக்கத்தைத் தெலுங்கிலேயே வாசித்தார். மெதுவாகத்தான் வாசித்தார். ஆனால் வழியை மூட முடியாது என்ற வரைக்கும்தான் அக்காவின் காதில் விழுந்தது. கடைசியில் சுவரை ஒட்டி நின்ற எனக்கு அதுவும் சரியாகக் கேட்கவில்லை. “அர்த்தமய்ந்தா அம்மா?” என்று நீதிபதி கேட்டபோது, புரியாமலே தலையை ஆட்டிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பின் காபி வந்ததும் வக்கீல் கூப்பிட்டனுப்பினார். “வழி போச்சும்மா. கவலைப்படாத. அப்பீல் போடலாம், நாள் தாண்டறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடு” என்று காகிதத்தை எடுத்தார். அக்கா பேனாவை வாங்கவில்லை.

“அதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சிட்டு சொல்றேன் சார்.”

“படிச்சிட்டா? யாரு படிப்பாங்க?”

அக்கா என்னைக் காட்டினாள். நான் அவர் மேஜைக் காலைப் பார்த்தேன். தீர்ப்பு தெலுங்கில் எழுதியிருந்தது. நான் படித்தது சித்தூரில், தமிழ் ஸ்கூலில், ஐந்தாவது வரை. தெலுங்கு எழுத்தைக் கற்றுக்கொண்டது பஸ் போர்டிலும் கடை போர்டிலும், அப்புறம் நாங்களே கேட்டில் வெட்டி ஒட்டும் வீட்டுப் பெயர்களிலும். நாலு பேர் கேட்க வாய்விட்டுப் படித்தது ஐந்தாவதோடு சரி.

மறுநாள் காலை அக்கா வாசலில் பாய் போட்டு உட்கார்ந்தாள். நான் காகிதக் கட்டைப் பிரிக்கும்போது திறந்திருந்த கதவுப் பக்கம் நிழல் தெரிந்தது. சின்ன மாமாவும் அவர் மனைவியும். கேட்டுக்கு வெளியேயே நின்றார்கள்.

அவர் மனைவிதான் பேசினாள். “எங்க காபி இன்னும் லாயர் கைலயே கீது. உங்களுது வந்துடுச்சாமே. இந்த மனுசன் ராத்திரி பூரா தூங்கல. ஜெயிச்சோம்னு லாயர் சொல்றாரு. போன தடவையும் அப்படித்தான சொன்னாரு? லட்டு வாங்கினதுதான் மிச்சம்.”

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் என்னிடம் சொன்னாள், “வந்து உக்காரச் சொல்லு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான எழுதினாங்க.”

பகையாளி வேறு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பெரிய வார்த்தை எதிலாவது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே முதல் வரியில் விரல் வைத்தேன்.

‘இது ஒரு வழியைப் பற்றிய வழக்கு.’

அவ்வளவுதான் முதல் வரி. அடுத்தது, ‘வாதியும் பிரதிவாதியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.’ அதற்கடுத்தது, ‘வாதி, பிரதிவாதியின் கணவருடைய தம்பி.’ ஒவ்வொரு வரியும் மூச்சு வாங்குவதற்குள் முடிந்தது. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஆனால் வரியின் கடைசிக்கு வரும்போது அதன் ஆரம்பம் மறந்துபோகவில்லை. தெலுங்கில் படித்துவிட்டு நானே தமிழிலும் சொன்னேன். இரண்டாவது பக்கத்தில் என் குரல் எனக்கே கேட்க ஆரம்பித்தது.

வழி பழையது என்று எழுதியிருந்தது. வாதியின் அப்பா காலத்தில் அதில் மாட்டு வண்டி போயிருக்கிறது, இரண்டு பக்கத்துச் சாட்சிகளும் இதை ஒப்புக்கொள்கிறார்கள், ஆகவே பிரதிவாதி அதை மூட முடியாது. அக்கா பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். சின்ன மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

‘வழி பன்னிரண்டு அடி என்று வாதி சொல்கிறார். இது சரியில்லை. கோர்ட் அனுப்பிய கமிஷனர் அளந்தபோது ஒன்பது அடி இருந்தது.’

“சரியில்லைன்னா எழுதிக்கீறாங்க?” என்றார் சின்ன மாமா.

“அளந்தப்போ டேப்பு பிடிச்சிக்கினு இருந்ததே நீதானே?” என்றாள் அவர் மனைவி.

“அது இல்லடி. ஜெயிச்சவனப் போயி...”

“நீ படிப்பா” என்றாள் அவள் என்னிடம்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். முதல் இரண்டு வரியைக் கண்ணால் பார்த்ததும் நின்றுவிட்டேன்.

“ஏண்டா நிறுத்திட்டே?” என்றாள் அக்கா.

“இது அப்புறம் படிக்கலாங்கா.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்தாள். “கூண்டுல நின்னு அத்தினி ஆம்பளைங்க முன்னால சொன்னேன். இங்க இன்னா? படி.”

படித்தேன்.

‘பிரதிவாதிக்குக் கணவர் இல்லை. தனியாக வாழ்கிறார். அவர் குளிக்கும் இடம் இந்த வழியை ஒட்டி இருக்கிறது. காய் ஏற்றிய டிராக்டரின் மேல் உட்கார்ந்து போகிறவர்களுக்குத் தட்டிக்கு மேலே தெரியும். ஒரு முறை அப்படிப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கிறார்கள். வெட்கத்தால் அவர் இதை வீட்டாரிடம் சொல்லவில்லை. வழியைப் பறித்துக்கொள்வதற்காக அவர் கேட் போடவில்லை. பயத்தால் போட்டார். அவருடைய பயம் பொய் இல்லை.’

ரோட்டில் ஒரு லாரி போய் முடிந்தது.

“ஏங்கா” என்றாள் சின்ன மாமாவின் மனைவி. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானும் பொம்பளதான?”

“உங்கிட்ட சொன்னா உன் ஊட்டுக்காரருகிட்ட போவும். அவரு போயி சிரிச்சவன அடிப்பாரு. எதுக்கு அடிச்சாருன்னு ஊரு பூரா பேசும். அதான் கேட்ட போட்டு நானே கெட்டவளா இருந்துட்டேன்.”

“எவன் சிரிச்சவன்?” என்று சின்ன மாமா எழுந்தார்.

“பாத்தியாக்கா? கிளம்பிட்டாரு” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நின்றபடியே என்னைப் பார்த்தார், பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். என் பக்கம் கையைக் காட்டி, மேலே படி என்றார்.

கடைசியில் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதியிருந்தது. கேட் இருக்கலாம், ஆனால் வழியின் முழு அகலத்துக்கும் திறக்க வேண்டும். பகலில் திறந்திருக்க வேண்டும். விளக்கு வைத்ததில் இருந்து விடியும் வரை பூட்டலாம். சாவி இரண்டு, வீட்டுக்கு ஒன்று. குளிக்கும் இடத்துக்கு, லோடுக்கு மேல் உட்கார்ந்தவன் கண்ணுக்கும் மறைகிற உயரத்தில், வாதி தன் செலவில் சுவர் கட்டித் தர வேண்டும். சுவர் எழும்பிய பிறகுதான் டிராக்டர் போகலாம்.

“கேஸுல ஜெயிச்சவன் நான். செவுரு கட்றதும் நானா?” என்றார் சின்ன மாமா.

“தோத்தவ நான்” என்றாள் அக்கா. “அழுவணும்னு பாக்கறேன். வரல.”

அன்று மத்தியானம் அக்கா என் போனில் வக்கீலோடு பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அப்பீல் வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை. உண்மையிலேயே அவளுக்கு நல்லது செய்ய நினைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

“இது ஒரு தீர்ப்பாம்மா? அஞ்சாங்கிளாஸ் பாடம் மாதிரி எழுதி வெச்சிக்கீறாங்க. ஒரு செக்‌ஷன் பத்திகூட விளக்கமா இல்ல. மேல போனா அடிச்சிப் பேசலாம்.”

“எதுக்கு சார் மேல போவணும்? அவங்க இன்னா சொன்னாங்கன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சே.”

“புரிஞ்சிடுச்சா?” என்று கேட்டார் வக்கீல். கோபமாகக் கேட்கவில்லை. “சரிம்மா” என்று போனை வைத்தார்.

அஞ்சாங்கிளாஸ் பாடம் என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. நான் படித்தது அந்தக் கிளாஸ் வரைக்கும்தான். அதனால்தான் அன்றைக்கு என்னால் வாசிக்க முடிந்தது. அதை வக்கீலிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு வராது.

அடுத்த வாரம் மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். ஹெட் கான்ஸ்டபிள் கட்டிய கம்பி துருவோடு துருவாக ஒட்டியிருந்தது. கட்டிங் பிளேடு வைத்ததும் விட்டுவிட்டது. கீலுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டித் தட்டி அசைத்தேன். கேட் எட்டு அடிதான், வழி ஒன்பது. இரண்டு கதவையும் இறக்கிப் பக்கத்துக்கு அரை அடி பைப் சேர்த்துப் பற்றவைத்தேன். சின்ன மாமா தூணைத் தள்ளி நடக் குழி தோண்டினார். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் அது சௌகரியமாக இருந்தது. ஒரு தடவை மட்டும் கேட்டார்.

“லோடு மேல உக்காந்தா எவ்ளோ ஒசரம் வரும்பா?”

“ஏறிப் பாத்தாதான் தெரியும் மாமா.”

காலி டிரெய்லரில் காய் ஏற்றும் கிரேட்களை அடுக்கி, அவரே ஏறி உட்கார்ந்து, கண் மட்டத்துக்கு நூல் பிடிக்கச் சொன்னார். கொத்தனார் அந்த நூலோடு நிறுத்தப் பார்த்தார். “இன்னும் ரெண்டு வரிசை போடு. நெட்டையா எவனாவது வருவான்” என்றார் சின்ன மாமா.

காய் இறக்கும் மாதம் வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். கேட் அகலமாகத் திறந்திருந்தது. பின்னால் இருந்து டிராக்டர் வரும் சத்தம் கேட்டு நான் ஓரமாக ஒதுங்கினேன். லோடுக்கு மேல் நாலு பேர் உட்கார்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டே போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சொம்பு வாளியில் முட்டும் சத்தமும் தண்ணீர் கொட்டும் சத்தமும் கேட்டன. டிராக்டர் தாண்டுகிற வரைக்கும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

“அக்கா!” என்று குரல் கொடுத்தேன். “யாரு, தம்பியா?” என்று உள்ளே இருந்து அக்கா கத்தினாள். “அடுப்புல பால் வெச்சிக்கீறேன். பொங்கிடப் போவுது, போய்ப் பாரு!”

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினேன்.